ஒரு சோறு பதமாகுமா? சூரியப் பசுமைக்குடிலின் உள்வெப்பநிலை குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அந்தப் பழமொழி பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. பானைக்குள் தண்ணீர் கொதித்துச் சுழன்று எல்லா அரிசிக்கும் ஒரே சூட்டைக் கொடுத்திருக்க வேண்டும். விறகடுப்பில் தீ ஒருபக்கமாக எரிந்து, தண்ணீரும் வற்றிவிட்ட பானையில் மேலாக எடுத்த ஒரு சோறு, அடியில் கிடப்பதற்குச் சாட்சி சொல்லாது. கைப்பழக்கம் உள்ளவர்கள் அதனால்தான் கிளறிவிட்டுப் பதம் பார்க்கிறார்கள்.

சூரியப் பசுமைக்குடில்களைப் பற்றிய எழுத்தில் இந்த நிபந்தனை அடிக்கடி மறந்துபோகிறது. ‘வெளியே மைனஸ் 10 டிகிரி, உள்ளே 12 டிகிரி’ என்று ஒரு வரி எழுதப்படுகிறது. குடிலின் திறமைக்கு அதுவே சான்றாகிவிடுகிறது. அந்த 12 டிகிரி குடிலின் எந்த மூலையில் அளக்கப்பட்டது? தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில்? நள்ளிரவிலா, விடியலிலா? வெப்பமானிக்கு நிழல் இருந்ததா? இவற்றுக்கு விடை இல்லாதபோது அந்த எண் ஒரு குடிலை மற்றொன்றோடு ஒப்பிட உதவாது. விவசாயியின் முடிவுக்கும் துணை நிற்காது.

பசுமைக்குடிலுக்கு ஒற்றை வெப்பநிலை கிடையாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நேரத்துக்கும் இடத்துக்கும் உயரத்துக்கும் ஏற்ப மாறும் பல வெப்பநிலைகள் அதற்குள் அடுத்தடுத்து வாழ்கின்றன. பயிரின் விதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நடுவில் தொங்கும் வெப்பமானியின் சராசரி அல்ல; மிகக் குளிர்ந்த இடத்தின் மிகக் குளிர்ந்த வேளை. வட சீனத்தின் சூரியக் குடில்களை முதன்மைச் சான்றாகவும், லடாக்கின் குடில்களைத் துணைச் சான்றாகவும் கொண்டு இதைப் பரிசீலிக்கலாம்.

2. அமைப்பும் வரலாறும்

வட சீனத்தின் சூரியக் குடில், ஐரோப்பியக் கண்ணாடி வீட்டைப் போல நாலு பக்கமும் ஒளி புகும் கட்டடம் அல்ல. கிழக்கு மேற்காக நீண்டு தெற்கைப் பார்த்து நிற்கும் ஒருசாய்வுக் கட்டடம் அது. வடக்கே தடித்த மண்சுவர் அல்லது செங்கல் சுவர். கிழக்கிலும் மேற்கிலும் பக்கச் சுவர்கள். வடசுவரின் தலையிலிருந்து முகடுவரை ஒளி புகாத சிறு பின்கூரை. முகட்டிலிருந்து தெற்குத் தரைவரை மூங்கில் அல்லது இரும்பு வளைவுகளின் மேல் விரித்த பாலித்தீன் தாள். இரவில் அந்தத் தாளின் மேல் வைக்கோல் பாயோ கனத்த போர்வையோ விரிக்கப்படும், காலையில் சுருட்டப்படும். அடுப்பும் கொதிகலனும் இல்லாமல் கடும் பனிக்காலத்தில் வெள்ளரியும் தக்காளியும் விளைவிப்பதே இதன் நோக்கம்.

1980களில் லியாவ்னிங் மாகாணத்தில் இம்முறை உருப்பெற்றது. ஷாண்டோங் மாகாணத்தின் ஷோகுவாங் வட்டாரத்தில், சான்யுவான்சூ என்ற சிற்றூரின் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் வாங் லெயி அதை 1989இல் கொண்டுவந்தார். அதுவரை அப்பகுதியில் குளிர்காலக் காய்கறி என்றால் குடிலுக்குள் நிலக்கரி எரித்தாக வேண்டும். புதிய முறையை நம்பி இறங்கப் பலரும் தயங்கியபோது, ஊரின் கட்சி உறுப்பினர்கள் 17 பேர் 17 குடில்களைக் கட்டினார்கள். நிலக்கரி இல்லாமலே குளிர்காலத்தில் வெள்ளரி காய்த்தது. பின்னர் ஷோகுவாங் சீனத்தின் முதன்மையான காய்கறி வட்டாரங்களில் ஒன்றாக வளர்ந்தது.

ஷோகுவாங் ஏறத்தாழ 37 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21ஆம் நாள் நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 30 டிகிரிதான் ஏறும்; அதே நாளில் சென்னையில் 53 டிகிரிக்கு மேல் ஏறும். இப்படித் தாழ்ந்து வரும் வெயிலைத் தாங்கிப் பிடிக்கவே தெற்குச் சாய்வும் வடசுவரும் அமைந்தன. குடிலின் வடிவமே ஒரு திசையை நோக்கியதாக இருக்கும்போது, அதன் உள்வெப்பமும் எல்லாத் திசையிலும் சமமாக இருக்க வாய்ப்பில்லை. இங்கே சீரின்மை கட்டுமானப் பிழையால் வந்ததன்று. வடிவத்தோடு கூடவே பிறந்தது.

3. வெப்பம் ஏன் தங்குகிறது? பழைய விளக்கமும் அதன் எல்லையும்

பள்ளிப் பாடங்கள் சொல்லும் விளக்கம் எளிமையானது. சூரிய ஒளி கண்ணாடி வழியே உள்ளே வருகிறது. சூடான தரை அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. கண்ணாடி அவற்றை வெளியே விடுவதில்லை. எனவே உள்ளே சூடு. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட் 1909இல் இதைச் சோதித்தார். கறுப்பு அட்டையால் செய்த இரண்டு பெட்டிகளில் ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றொன்றை அகச்சிவப்புக் கதிரைத் தடையின்றி விடும் பாறை உப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டுக்கும் வரும் வெயிலை முதலில் ஒரு கண்ணாடி வழியே செலுத்திச் சமப்படுத்தியபோது, இரு பெட்டிகளின் வெப்பமும் 55 டிகிரியை ஒட்டி நின்றது. இடையே ஒரு டிகிரி வித்தியாசம்கூட இல்லை. சூடான காற்று மேலேறி வெளியேறாமல் அடைபட்டுக் கிடப்பதே முதன்மைக் காரணம் என்பது அவரது முடிவு.

வுட்டின் குறிப்பு மிகச் சிறியது. தாம் அதில் ஆழமாக இறங்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் சோதித்தது பகல் வெயிலை மட்டும். இரவில் கணக்கு மாறுகிறது. பாலித்தீன் தாள் அகச்சிவப்புக் கதிரைப் பெருமளவு வெளியே விட்டுவிடும் பொருள். மேகமும் பலத்த காற்றும் இல்லாத இரவில், மேற்போர்வை எதுவுமற்ற சாதாரணப் பாலித்தீன் குடிலுக்குள், வெளியே இருப்பதைவிடவும் குளிர்ந்த காற்று தேங்குவது உண்டு. உள்ளிருக்கும் இலையும் மண்ணும் தாளை ஊடுருவி வானத்துக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கின்றன. வெளியே வீசும் இளங்காற்று மேலிருந்து கொஞ்சம் வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. உள்ளே அந்த உதவியும் இல்லை.

ஆக, பகலில் காற்றை அடைத்து வைப்பதும் இரவில் கதிர்வீச்சைத் தடுப்பதும் இரண்டு தனித்தனி வேலைகள். வைக்கோல் பாய் இரண்டாம் வேலைக்கு வந்தது. தாளின் உட்புறம் படியும் நீர்ப்படலமும் அகச்சிவப்புக் கதிரை ஓரளவு மறிக்கிறது. ஒரே குடிலில், ஒரே தாளின் கீழ், வேளைக்கு வேளை வெவ்வேறு விதிகள் மேலோங்குகின்றன. வெப்பநிலை மாற்றத்தைப் புரிந்துகொள்ள இதுவே முதல் படி.

4. ஒரு நாளின் போக்கு

தெளிந்த குளிர்கால நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாய்களைச் சுருட்டும் வேளையை ஒட்டித்தான் குடிலின் காற்று மிகக் குளிர்ந்திருக்கும். பாயை எடுத்த கையோடு வெப்பநிலை உயர்ந்துவிடும் என்று நினைப்போம். மாறாக அது சிறிது இறங்குகிறது. காப்புப் போய்விட்டது, சாய்ந்து வரும் காலை வெயிலுக்கு அந்த இழப்பை ஈடுசெய்யும் வலு இன்னும் வரவில்லை. பாய் எடுத்தபின் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறங்கினால் அவசரப்பட்டு எடுத்துவிட்டோம் என்று பொருள். இறங்கவே இல்லாமல் உடனே ஏறினால் தாமதித்து வெளிச்சத்தை வீணாக்கிவிட்டோம் என்று பொருள். வெப்பமானி சொல்லும் எண்ணைவிட அது நகரும் திசையை விவசாயிகள் கவனிக்கிறார்கள்.

அதன்பின் ஏற்றம் வேகமானது. திறப்புகள் மூடியிருந்தால் மணிக்கு 5 டிகிரிக்கு மேலும் ஏறும். வெள்ளரி என்றால் 28, 30 டிகிரியை நெருங்கும்போது முகட்டை ஒட்டிய திறப்பைக் கொஞ்சம் விலக்குவார்கள். நண்பகல் தாண்டி ஒரு மணியளவில் உச்சம். பிற்பகலில் திறப்பை மூடி, வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போது பாயை விரிப்பார்கள். விரித்ததும் காற்றின் வெப்பம் சற்றே மீண்டு ஏறுகிறது. இழப்பு சட்டென்று குறைகிறது. மண்ணும் சுவரும் தொடர்ந்து வெப்பத்தைக் கொடுக்கின்றன. அதன்பின் விடியும்வரை மெதுவான இறக்கம்.

இந்தப் போக்கைத் தெளிந்த நாளுக்கு மட்டுமே நம்பலாம். தொடர்ந்து நாலைந்து நாள் வானம் மூடிக் கிடந்தால் நிலைமை வேறு. ஒவ்வொரு இரவும் சுவரும் மண்ணும் கொடுத்துக்கொண்டே இருக்கும். பகல் திருப்பி நிரப்புவதில்லை. ஆகவே மிகத் தாழ்ந்த வெப்பநிலை வெளியே மிகக் குளிர்ந்த இரவில்தான் வரும் என்பதில்லை. மூடிய நாட்களின் கடைசியில் வரக்கூடும்.

அதற்குப்பின் வானம் திறக்கும் காலை இன்னொரு ஆபத்தைக் கொண்டுவருகிறது. நல்ல வெயில் வந்துவிட்டதே என்று எல்லாப் பாய்களையும் ஒரேயடியாகச் சுருட்டினால் கண்ணெதிரே செடிகள் துவண்டு தலை சாய்கின்றன. இலை சூடாகி நீரை ஆவியாக்குகிறது. வேரோ இன்னும் குளிர்ந்த மண்ணில் கிடக்கிறது, கேட்ட அளவு நீரை உறிஞ்ச அதனால் முடிவதில்லை. அனுபவமுள்ளவர்கள் அன்று ஒரு பாய் விட்டு ஒரு பாய் எடுக்கிறார்கள். பயிரின் மேல் வெயிலும் நிழலும் பட்டை பட்டையாக விழும். இலை தளர்வதைக் கண்டால் எடுத்த பாயை மீண்டும் இறக்கி, தேறியபின் எடுப்பார்கள். அந்தக் காலை காற்றின் வெப்பநிலை பயிருக்கு உகந்த எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். பயிரை வாட்டுவது அந்த எண் அன்று. இலைக்கும் வேருக்கும் இடையே உள்ள வித்தியாசம்.

5. இடத்துக்கு இடம்

அ. தெற்கும் வடக்கும்: குடிலின் தெற்கு விளிம்பில் கூரை தாழ்ந்து தரையைத் தொடுகிறது. பகலில் வெளிச்சம் மிகுந்த இடம் அது. சிறிதளவு காற்றே இருப்பதால் விரைவில் சூடாகும். இரவில் அதே காரணத்தால் விரைவில் குளிரும். தாள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை ஒட்டிக் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து அங்கேதான் வந்து தேங்குகிறது. மண்ணுக்கடியிலும் இழப்பு உண்டு: வெளியே உறைந்துகிடக்கும் நிலம் உள்ளிருக்கும் வெப்பத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறது. இதைத் தடுக்கத் தெற்கு விளிம்பு நெடுகிலும் பள்ளம் வெட்டி வைக்கோல் போன்ற காப்புப் பொருளை நிரப்பும் வழக்கம் இருக்கிறது. வடபுறம் வெளிச்சம் குறைவு. ஆனால் சுவரின் அணைப்பு உண்டு. எனவே பகலிரவு ஏற்ற இறக்கம் தெற்கில் மிக அதிகம், வடக்கில் குறைவு. மண்வெப்பம் பெரும்பாலும் நடுப்பகுதியில் உயர்ந்தும் தெற்கு ஓரத்தில் தாழ்ந்தும் இருக்கும்.

ஆ. கிழக்கும் மேற்கும்: பக்கச் சுவர்களின் நிழலை ஆய்வுகள் எளிதில் கடந்துவிடுகின்றன. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஷோகுவாங்கில் டிசம்பர் 21 அன்று சூரிய நேரம் காலை 9 மணிக்குக் கதிரவன் சுமார் 16 டிகிரி உயரத்தில், தெற்கிலிருந்து 42 டிகிரி கிழக்கே தள்ளி நிற்கும். அப்போது 4 மீட்டர் உயரக் கம்பத்தின் நிழல் 13 மீட்டருக்கு மேல் நீளும். அதில் மேற்கு நோக்கிய பங்கு மட்டும் சுமார் 9 மீட்டர். பக்கச் சுவர் தெற்கே போகப் போகத் தாழ்வதால் தரையில் விழும் நிழல் இதைவிடக் குறையும். ஆனாலும் கிழக்கு முனையின் செடிகள் காலை வெயிலையும், மேற்கு முனையின் செடிகள் மாலை வெயிலையும் நாள்தோறும் இழக்கின்றன. கதவு ஒரு முனையில் இருந்தால் அங்கே கசிவும் சேர்ந்துகொள்ளும். 100 மீட்டர் நீளக் குடிலில் இந்த இரு முனைகளும் சிறு பங்கு; 30 மீட்டர் குடிலில் கணிசமான பங்கு. குறுகிய மாதிரிக் குடிலில் பெற்ற முடிவை நீண்ட குடிலுக்கும், நீண்டதைக் குறுகியதற்கும் அப்படியே பொருத்தக் கூடாது.

கணினி மாதிரிகள் பலவும் குடிலின் குறுக்குவெட்டை மட்டும் எடுத்து, நீளவாக்கில் எல்லாம் ஒன்றே என்று கொள்கின்றன. நீளம் அகலத்தைவிடப் பல மடங்கு என்பதால் நடுப்பகுதிக்கு அது நியாயமான எளிமைப்படுத்தல். ஆனால் முனைகள் அந்த மாதிரியில் இல்லவே இல்லை. இல்லாத ஒன்றில் குறை தெரியாது.

லடாக்கின் குடில்கள் இவ்விடத்தில் ஒரு பாடம் தருகின்றன. கடல்மட்டத்துக்கு மேல் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே பகுதியில் குளிர்கால இரவு மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும். அங்கே பச்சை மண்கட்டிச் சுவர்களுக்கு நடுவே வைக்கோல் அடைத்துக் கட்டும் குடில்களில் கீரை வளர்க்கிறார்கள். மேற்குச் சுவரின் உட்புறத்துக்கு வெள்ளை பூசுகிறார்கள்: காலை வெயில் அதன்மேல் பட்டுத் தெறித்து, விடியற்குளிரில் ஒடுங்கிய பயிருக்கு உடனே வெளிச்சமும் சூடும் சேரட்டும் என்று. கிழக்குச் சுவரின் உட்புறத்துக்குக் கறுப்பு: பிற்பகல் வெயிலை உறிஞ்சி இரவுக்கு வைக்கட்டும் என்று. ஒரே குடிலின் இரு சுவர்களுக்கு இரு நிறம் பூசத் தெரிந்தவர்கள், உள்ளே எல்லா இடமும் எல்லா வேளையும் ஒன்றல்ல என்பதைக் கட்டுமானத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இ. மேலும் கீழும்: பகலில் வெப்பம் முகட்டடியில் திரள்கிறது. தரையில் நிற்கும் நாற்றும், கயிறேறி இரண்டு மீட்டர் உயர்ந்த வெள்ளரிக் கொடியின் நுனியும் வேறு வேறு காலநிலையில் வளர்கின்றன. முகட்டுத் திறப்பை விலக்கும்போது புகும் குளிர்காற்று நேராகக் கீழே விழுந்து அங்குள்ள செடிகளை மட்டும் தாக்கும். அதனால் திறப்புக்கு அடியில் தனியாக ஒரு தாளைத் தொங்கவிட்டு, குளிர்காற்று கலந்து பரவ வழி செய்கிறார்கள்.

பயிரும் இந்த வரைபடத்தைத் தானே மாற்றி எழுதுகிறது. நடவு முடிந்த புதிதில் வெயில் வெறும் மண்ணையும் சுவரையும் அடைந்து சேமிப்பாகிறது. கொடி ஓங்கி வளர்ந்தபின் இலைப்பரப்பு வெயிலை மறிக்கிறது, இலைகள் நீரை ஆவியாக்கிப் பகல் காற்றைக் குளிர்விக்கின்றன, சேமிப்பு குறைகிறது. நவம்பரில் அளந்த குடிலும் பிப்ரவரியில் அளந்த குடிலும், சுவரும் தாளும் மாறாவிட்டாலும், ஒன்றல்ல.

6. சேமிப்பின் கணக்கு

இரவில் குடிலைக் காப்பது அதற்குள் அடைபட்ட சூடான காற்று என்று நினைப்பது இயல்பு. எண்கள் அதை மறுக்கின்றன. 10 மீட்டர் அகலமும் சராசரி 2.5 மீட்டர் உயரமும் உள்ள குடிலில், நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 25 கன மீட்டர் காற்று இருக்கும். அது 10 டிகிரி குளிர்ந்தால் சுமார் 300 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். அதே மீட்டரில் மேல்மண் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரே ஒரு டிகிரி குளிர்ந்தால் வெளிப்படுவது 2,000 கிலோஜூலை ஒட்டிய வெப்பம். காற்று கைச்செலவுக்கான சில்லறை. மண்ணும் சுவரும்தான் களஞ்சியம்.

நம் ஊர் மொட்டை மாடிக்குக் கீழே சித்திரை மாதத்தில் படுத்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வெயில் இறங்கிப் பல மணி நேரம் ஆன பிறகும் மின்விசிறி சூட்டையே இறக்கும். நமக்குத் துன்பமாகும் அதே தாமதம் அங்கே பயிருக்கு உயிர்.

எனில் சுவரை எவ்வளவு தடிப்பாகக் கட்டலாம்? ஷோகுவாங் பாணியில் நிலத்தைத் தோண்டி, அந்த மண்ணையே குவித்து இறுக்கி எழுப்பும் வடசுவர் அடியில் பல மீட்டர் தடிப்புக் கொண்டது. தடிக்கத் தடிக்கச் சேமிப்பும் கூடும் என்ற நம்பிக்கை அதன்பின் இருக்கிறது. வெப்ப அலையின் இயற்பியல் இதற்கு எல்லை போடுகிறது. சாதாரண மண்ணில் பகலிரவு வெப்ப அலை 12 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒருமுறை சுமார் மூன்றில் ஒரு பங்காகத் தேய்கிறது. 35 சென்டிமீட்டர் ஆழத்தில் மேற்பரப்பின் ஏற்ற இறக்கத்தில் 5 விழுக்காடுதான் மிஞ்சும். அன்றாடம் வாங்கிக் கொடுப்பது உட்புறத்தின் இந்த மெல்லிய அடுக்கு மட்டுமே. அதற்கப்பால் உள்ள மண் குளிரை மறிக்கும் காப்பு. ஆண்டு முழுவதுமான பருவ அலை சுமார் 19 மடங்கு ஆழமாக, 2 மீட்டரையும் தாண்டிப் போகிறது என்பது உண்மை. தடித்த சுவருக்கு அவ்வகையில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. வளமான மேல்மண் சுவராகிறது. சுவரும் குடில்களுக்கு இடையே விட வேண்டிய வெளியும் போகப் பயிருக்குக் கிடைக்கும் நிலம் பாதிக்கும் குறைவாகிவிடக்கூடும். உட்புறம் செங்கல்லும் வெளிப்புறம் காப்புப் பலகையுமாகக் கட்டப்படும் மெல்லிய சுவர்கள், சேமிப்பையும் காப்பையும் இரு பொருள்களுக்குப் பிரித்துக் கொடுத்து இந்த விலையைக் குறைக்க முயல்கின்றன.

7. இலையின் வெப்பம், காயின் வெப்பம்

பயிர் உணர்வது தன் திசுக்களின் வெப்பம். அது காற்றின் வெப்பமாகவே இருக்க வேண்டியதில்லை. இரவில் இலை குளிர்ந்த தாளை நோக்கிக் கதிர்வீச்சால் வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிரும். ஈரம் நிறைந்த காற்றில் அந்தச் சிறு வித்தியாசம் போதும். இலைமேல் பனித்துளி படியும். காலையில் காற்று வேகமாகச் சூடேறும்போது, கனத்த காய் பின்தங்கிக் குளிர்ந்தே இருப்பதால் அதன்மேலும் நீர் வியர்க்கும். வெள்ளரியின் அடிச்சாம்பல் நோய்க்கு வேண்டியது இலையில் தங்கும் இந்த ஈரம்தான். வெப்பமானி பாதுகாப்பான எண்ணைக் காட்டும் இரவில் நோய் தொற்றிவிடுவது இதனால்தான். தெற்கு ஓரத்திலும் முனைகளிலும் நோய் முதலில் தலைகாட்டினால், வெப்ப வரைபடத்தை இலைகள் வரைந்து காட்டுகின்றன என்று கொள்ளலாம்.

8. அளக்கும் கருவியின் சாட்சியம்

வெப்பமானி எப்போதும் உண்மையே சொல்கிறது. ஆனால் தன்னுடைய வெப்பத்தைத்தான் சொல்கிறது. நேர்வெயிலில் தொங்கும் உணரி தானே சூடாகிக் காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகக் காட்டும். இரவில் அதே உணரி குளிர்ந்த கூரையை நோக்கி வெப்பத்தை இழந்து குறைவாகக் காட்டும். இரண்டு பிழைகளும் சேர்ந்து பகலிரவு வித்தியாசத்தை ஊதிப் பெருக்குகின்றன.

வானிலை நிலையங்களில் வெள்ளை மரச்சட்டப் பெட்டிக்குள் வெப்பமானியை வைப்பது இதற்காகத்தான். ஆனால் அந்தப் பெட்டி வேலை செய்யக் காற்று வீச வேண்டும். மூடிய குடிலுக்குள் காற்று ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. நிழற்கூடே சூடாகி உணரியையும் சூடாக்கும். சிறு விசிறியால் காற்றை இழுத்து உணரியின்மேல் செலுத்தும் கூடுதான் நம்பத் தக்கது. ஓர் ஆய்வில் பகல் உச்சம் 40 டிகிரி என்று படிக்கும்போது, உணரி எப்படிக் காக்கப்பட்டிருந்தது என்ற விவரம் இல்லையென்றால், அந்த எண்ணில் காற்றின் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

9. சராசரிக்காக ஒரு வாதம்

எதிர்த்தரப்பையும் நேர்மையாக எடைபோட வேண்டும். சராசரி வெப்பநிலை பயனற்ற அளவன்று. நெதர்லாந்தின் கண்ணாடிக் குடில்களில் நடந்த நீண்டகால ஆய்வுகள், தக்காளி போன்ற பயிர்கள் ஒரு நாளின் அல்லது சில நாட்களின் சராசரி வெப்பத்துக்கு ஏற்ப இலையும் பூங்கொத்தும் விடுகின்றன என்று காட்டியுள்ளன. ஓர் இரவு குறைந்ததை மறுநாள் ஈடுகட்டலாம் என்ற கொள்கையில் அங்கே எரிவாயுவைச் சேமிக்கிறார்கள். வளர்ச்சியின் வேகத்தைக் கணிக்கச் சராசரி போதுமென்றால், ஒவ்வொரு மூலையையும் அளக்கும் சிரமம் எதற்கு?

விடை அக்கொள்கையின் நிபந்தனையிலேயே இருக்கிறது. குறிப்பிட்ட வரம்புக்குள்தான் சராசரி செல்லும். வெள்ளரியின் திசு 10, 12 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் இருந்தால் குளிர்க்காயம் அடைகிறது. தக்காளியின் மகரந்தம் இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே போனால் சரியாக வேலை செய்யாது. பகல் 32 டிகிரியைத் தாண்டினாலும் காய்பிடிப்பு குறையும். எரிவாயுவால் சூடேற்றும் நெதர்லாந்துக் குடில் இந்த வரம்புக்குள் நிற்பதற்கென்றே கட்டப்பட்டது. வெயிலை மட்டும் நம்பும் குடில் வரம்பின் விளிம்பிலேயே நடக்கிறது. நடுவில் 13 டிகிரி, தெற்கு ஓரத்தில் 8 டிகிரி என்றிருக்கும் ஒரு விடியலை எண்ணிப் பார்க்கலாம். இரண்டையும் கூட்டி வகுத்தால் வரும் எண்ணில் எந்தச் செடியும் வாழவில்லை. ஓர வரிசையின் இழப்பை நடு வரிசையின் நலத்தால் ஈடுகட்ட முடியாது. சராசரியை விலக்க வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் தாழ்ந்த எல்லையையும் அது நேரும் இடத்தையும் எழுதினால் போதும்.

10. நமக்கு இதில் என்ன?

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்குச் சீனச் சூரியக் குடில் பொருந்தாது. இங்கே குடிலின் சிக்கல் மிகுவெப்பம். ஓசூரின் ரோஜாக் குடில்களிலும் நீலகிரியின் கார்னேஷன் குடில்களிலும் முகட்டடியில் தேங்கும் சூட்டை வெளியேற்றுவதே பெரும்பாடு. உதகையின் உறைபனி இரவுகளில் மட்டும் தலைகீழ்க் கவலை வரும். ஆனாலும் கேள்வி இங்கும் செல்லும். பக்கத் திறப்பை ஒட்டிய வரிசையும் குடிலின் நட்டநடு வரிசையும் ஒரே வெப்பத்தில் இல்லை. வாசலருகே, கண்ணுக்கு வசதியான உயரத்தில் மாட்டிய ஒற்றை வெப்பமானி வாசலின் வெப்பத்தைச் சொல்லும். பூ மலர்வது வேறிடத்தில்.

11. முடிவு

இவற்றிலிருந்து ஒரு சிறு ஒழுங்கை வலியுறுத்தலாம். குடிலின் வெப்பநிலையைப் பற்றி எழுதுவோர் குறைந்தது நான்கு இடங்களைக் காட்ட வேண்டும்: நடுவில் பயிர்நுனி உயரம், தெற்கு விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, ஒரு பக்கமுனை, 10 சென்டிமீட்டர் ஆழ மண். உணரி எப்படி நிழலிடப்பட்டது, பாய் எப்போது எடுத்து எப்போது விரித்தது, பயிர் எவ்வளவு உயரம் என்ற விவரங்கள் எண்ணோடு சேர்ந்தே வர வேண்டும். தெளிந்த நாள் ஒன்றின் வரைபடத்தோடு, தொடர்ந்து மூடிக் கிடந்த நாட்களின் கடைசி விடியலின் அளவும் இருக்க வேண்டும். குடிலின் திறமை உண்மையில் சோதிக்கப்படுவது அப்போதுதான்.

இவை விலையுயர்ந்த கோரிக்கைகள் அல்ல. நான்கு உணரிகளின் செலவு ஒரு வரிசை வெள்ளரியின் இழப்போடு ஒப்பிட்டால் பெரிதாகத் தோன்றாது. கருவி வாங்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பாயை எடுக்குமுன் குடிலின் தெற்கு ஓரமாக ஒரு முறை நடந்து இலையைத் தொட்டுப் பார்ப்பதும், முனையில் நிற்கும் கடைசிச் செடியை அன்றாடம் கவனிப்பதும் அளவீடுதான். பானையைக் கிளறிவிட்டுப் பதம் பார்க்கும் கைக்குத் தெரிந்த அறிவு அது. ஆய்வும் அந்த அறிவோடு ஓரத்திலிருந்து தொடங்கினால், நடுவில் தொங்கும் எண்ணுக்கும் பொருள் கிடைக்கும்.